பிடித்த கை

தாளைத் தூக்கும்போது ஜெசிந்தா மூச்சை அடக்கிக்கொள்வாள். யாரும் சொல்லிக்கொடுத்த பழக்கமில்லை. பல்கலைக்கழக நூலகத்தின் இந்தப் பின்பக்க அறையில், பழைய புத்தகங்களைச் செப்பனிடும் வேலையில் சேர்ந்த பிறகு தானாக வந்து ஒட்டிக்கொண்டது. இங்கே மின்விசிறி கிடையாது. காற்று பட்டால் தாள் எழும்பும், எழும்பினால் நொறுங்கும். இன்றைக்கு மேஜைமேல் கிடப்பது ஒரு வைத்திய அகராதி, அவளுடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே அச்சானது, தாளெல்லாம் வெயிலில் கிடந்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. கீழே ஒற்றுத்தாள், அதன்மேல் கிழிந்த பக்கம், பக்கத்தில் கிண்ணத்தில் வடிகட்டிய மைதாப் பசை. கிழிசலின் இரண்டு ஓரங்களையும் பிரஷ் நுனியால் லேசாக ஈரப்படுத்தி, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பொருத்தி, மேலே வெங்காயச் சருகை விட மெல்லிசான ஜப்பான் தாளைப் படுக்க வைக்க வேண்டும். செய்யும்போது எழுத்தைப் படிக்கக் கூடாது, படித்தால் கை நின்றுவிடும். ஆனாலும் கண் சும்மா இருக்கிறதா. காமாலை, காய்ச்சல், அடுத்ததில் கண்ணை இழுத்துக்கொண்டாள். அதற்குள் காயம் என்று படித்தாயிற்று. காயம் என்றால் புண், காயம் என்றால் உடம்பும்தான், இரண்டுக்கும் ஒரே சொல்லை எப்படித்தான் வைத்தார்களோ. இந்நேரம், வீட்டில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வருகிற தையல்நாயகி கஞ்சி கொடுத்து முடித்திருப்பாள். அம்மாவின் கையிலிருக்கும் கட்டைப் பிரித்துப் பார்த்திருப்பாளோ. பிரிக்க வேண்டாம், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்தாயிற்று. ஏன் இரண்டு தடவை சொன்னோம். ஒரு தடவையோடு நிறுத்தியிருந்தால் சாதாரணமாக இருந்திருக்கும்.

அம்மா குழாய்ல இடிச்சுக்கிட்டாங்க. காலையில் கிளம்பும்போது அவ்வளவுதான் சொன்னாள். செருப்பை மாட்டிக்கொண்டே, தையல்நாயகியின் முகத்தைப் பார்க்காமல், குடை எடுத்தோமா என்று பையைத் துழாவிக்கொண்டே சொன்னாள். எத்தனை சுலபமாக வந்தது அந்த வாக்கியம். படிகளில் இறங்கும்போதே அது உண்மையாகத் தொடங்கிவிட்டது, பேருந்தில் உட்கார்ந்தபோது குழாயின் பித்தளைத் திருகும் அதில் அம்மாவின் கை போய் மோதுவதும் கண்ணுக்கே தெரிந்தன. இடித்துக்கொண்டார்கள், யாரும் இடிக்கவில்லை. இங்கே வரும் புத்தகங்களுக்கெல்லாம் அவளே எழுதும் குறிப்பும் அப்படித்தான், இடது மூலை கிழிந்துள்ளது, முதுகுப் பகுதி விட்டுப்போயுள்ளது. கிழிந்தது என்றுதான் எழுதுவாள், கிழித்தது யார் என்று எந்தப் புத்தகத்துக்கும் இதுவரை எழுதியதில்லை. எவனோ வாசகன், எவளோ குழந்தை, எலி, வெள்ளம், எல்லாம் சேர்ந்து ஒரு கிழிந்தது. நல்ல பாஷை இது, ஒரு எழுத்தை அழுத்திச் சொன்னால் ஆள் வந்து நிற்கிறான், அழுத்தாமல் விட்டால் ஆளே இல்லை. கிழிந்தது. கிழித்தேன். பசை கெட்டியாகிக்கொண்டிருந்தது, ஒரு சொட்டு தண்ணீர் விட்டுக் குழைத்தாள். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஜப்பான் தாளின் ஓரத்து நாரெல்லாம் பழைய தாளோடு தாளாகக் கரைந்து, எங்கே ஒட்டினோம் என்றே தெரியாமல் படிந்தது. இந்தக் கையா, என்று பார்த்தாள். இந்தக் கைதான்.

அம்மாவை நான்தான் குளிப்பாட்டுவேன் என்று ஆரம்பத்திலேயே தையல்நாயகியிடம் சொல்லிவிட்டாள். நீங்க வர்றதுக்குள்ள நானே முடிச்சுடுவேன், அம்மாவுக்கு வெளியாள் கை பட்டா பிடிக்காது. பொய். அம்மாவுக்கு இப்போது யார் வெளியாள் யார் வீட்டாள் என்ற கணக்கெல்லாம் இல்லை. மாதா கோவில் பூசை முடிந்து வெளியே வரும்போது தெருப் பெண்கள், பொண்ணுன்னா ஜெசிந்தா மாதிரி இருக்கணும், வயசான தாயைக் கைக்குழந்தை மாதிரி வச்சிருக்கா என்று சொல்கிறார்களே, அது காதில் விழுவதற்காகத்தான். அந்தப் பேச்சைக் கேட்காத மாதிரி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நடப்பதில் இருந்த சுகம் இருக்கிறதே. இன்று காலை அம்மா குளியலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்றாள். கெஞ்சி, பாட்டுப் பாடி, உள்ளே கொண்டுவந்து முக்காலியில் உட்கார வைத்தாயிற்று. முதல் செம்புத் தண்ணீர் தோளில் விழுந்ததும் அம்மா எழுந்துவிட்டாள். வாயில் போன தண்ணீரை இவள் முகத்தில் துப்பினாள். வெதுவெதுப்பாக, எச்சிலோடு. உடுத்தியிருந்த வேலைக்குப் போகிற சேலை நனைந்தது. பஸ் போய்விடும். இன்றைக்கு மாணவர்கள் வருகிறார்கள், சேலையை மாற்ற வேண்டும். உட்காரும்மா. அம்மா குழாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடும்மா. விடு. விடுங்கறேன்ல. பிறகு அந்த முன்னங்கையை இவள் பிடித்தாள். பிடித்து, இழுத்து, இழுத்ததோடு விடாமல் ஒரு திருகும் திருகினாள். அதற்கு அவசியமே இல்லை, குழாயிலிருந்து கை அப்போதே வந்துவிட்டிருந்தது. தோல் சத்தமில்லாமல் உரிந்து ஒரு பக்கமாகச் சுருண்டது, ரத்தம் கூட உடனே வரவில்லை. அம்மா அழவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டு, கான்வென்ட்டில் படித்த சிறுமியின் குரலில், சிஸ்டர் அடிக்காதீங்க சிஸ்டர், இனிமே பேச மாட்டேன் சிஸ்டர் என்றாள்.

போன் மேஜை இழுப்பறைக்குள் அதிர்ந்தது. அறைக்குள் போன் பேசும் வழக்கமில்லை, எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தாள். செலஸ்டின். குவைத்தில் இருக்கும் தம்பி, தினமும் வேலைக்குப் போகும் வழியில் அம்மாவை வீடியோவில் பார்ப்பான், பிறகு அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுவான். இன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே குரல் வேறாக இருந்தது.

"அக்கா, அம்மா கையில கட்டு போட்டிருக்கே, பாத்தியா?"

"ஆமாடா. காலைல நான்தான் போட்டேன்."

"குழாய்ல இடிச்சுக்கிட்டாங்கன்னு நீ சொன்னதா அந்தம்மா சொல்லுது."

"ஆமா."

"சரி, குழாய்ல இடிச்சா தோல் கிழியும். நான் கட்டைப் பிரிச்சுக் காட்டச் சொன்னேன். பிரிக்க மாட்டேன், மேடம் வேணாம்னாங்கன்னு ஒரே பிடிவாதம். அதட்டின பிறகுதான் காட்டுச்சு. சுத்திலும் நீலமா விரல் தடம் அக்கா. யாரோ இறுக்கிப் பிடிச்சிருக்காங்க. நீ கிளம்புறப்ப அது இருந்துச்சா?"

நடையின் கோடியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்றால் பதில் சொல்லிவிடலாம் என்று அவள் காத்திருந்தாள். சத்தம் நின்றது.

"கவனிக்கலடா," என்றாள்.

"நீ எப்படிக் கவனிப்ப, அது உனக்கப்புறம் நடந்தது. வேற யாரு, இவதான். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேட்டேன். நாளையிலேர்ந்து வர வேணாம்னு சொல்லிட்டேன். சாயந்திரம் நீ போற வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கேன். போலீஸ்ல சொல்றேன்னு கூடச் சொன்னேன், சும்மா மிரட்டலுக்குத்தான். அக்கா, கேக்குதா?"

"ம்."

"நீ கவலைப்படாத, வேற ஆள் பாத்துக்கலாம். நீ அங்க இருக்கேங்கிறதாலதான் நான் இங்க கண்ணை மூடித் தூங்குறேன்."

ம். அந்த ஒரு எழுத்து. வாயைக் கூடத் திறக்க வேண்டியதில்லை, உதட்டை மூடியபடியே ஒரு மனுஷியின் பிழைப்பைப் பறித்துவிடலாம். மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம், இப்போதே திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம், ஆனால் முதல் கேள்வியிலேயே சொல்லாததற்கு இனிமேல் காரணம் சொல்ல வேண்டும், பிடித்ததற்கு ஒன்று, குழாய் என்றதற்கு ஒன்று, கவனிக்கவில்லை என்றதற்கு ஒன்று. ஒன்றை ஒட்டினால் மற்றொன்று பிளக்கிறது. தையல்நாயகி என்ன நினைத்திருப்பாள். கட்டைப் பிரிக்கமாட்டேன் என்று இவளுடைய சொல்லுக்காக நின்றிருக்கிறாள், அதையே திருட்டுமுழி என்று எடுத்துக்கொண்டிருக்கிறான் இவன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, வெடுக்கென்று பேசுவாள், மத்தியானம் சீரியல் வைத்துவிடுவாள், அம்மாவை உருட்டி மிரட்டித்தான் மருந்து கொடுப்பாள். ஒருவேளை அவளும் எப்போதாவது. அங்கேயே அந்த எண்ணத்தை நிறுத்தினாள். தான் தப்பிக்க எந்தச் சந்தில் எல்லாம் நுழைந்து பார்க்கிறது மனசு. தையல்நாயகியின் மேல் ஒரு சின்ன அழுக்கு கிடைத்தால் போதும், இவ்வளவையும் அதில் துடைத்துவிடலாம் என்று தேடுகிறது.

கதவு தட்டி நூலகர் ஞானசம்பந்தன் உள்ளே வந்தார், பின்னால் நூலகவியல் மாணவர்கள், பெரும்பாலும் பெண்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் தோள்மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு. "இவங்கதான் ஜெசிந்தா மேடம். இவங்க கைக்கு வந்தா எப்பேர்ப்பட்ட புத்தகமும் பிழைச்சுக்கும். நாமெல்லாம் தொடவே பயப்படுற தாளை இவங்க குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்குவாங்க பாருங்க." எல்லோரும் அவள் கைகளைப் பார்த்தார்கள். மேஜைக்கடியில் இழுத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. இழுக்காமல், பிரஷ்ஷை எடுத்து, இது பசை, இது ஒற்றுத்தாள், ஈரம் அதிகமானால் கறை படரும், குறைந்தால் பிடிக்காது, அவசரப்பட்டால் கிழிசல் நீளும் என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் குரல் அவளுக்கே நன்றாகத்தான் இருந்தது. கிழிந்த ஓரத்தைப் பிரஷ் நுனியால் நீவி, இடத்தில் பொருத்தி, படிய வைத்தாள், யாரோ ஒருத்தி ஆ என்றாள். காலையிலும் இதையேதான் செய்தாள். சுருண்டுபோன அம்மாவின் தோலை, விரலை நனைத்து, மடிப்பு விழாமல் நீவி நீவி, ஓரத்தோடு ஓரம் பொருத்தி, மேலே துணி வைத்துக் கட்டினாள். ஒரு ஆஸ்பத்திரியில் கூட இத்தனை நேர்த்தியாகச் செய்திருக்க மாட்டார்கள். முடித்து நிமிர்ந்தபோது, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி, அந்தக் கோலத்திலும், அம்மா சுவரோரம் வெடவெடத்துக்கொண்டிருக்கும்போதும், திருப்தி. கண்ணாடி போட்ட ஒரு மாணவி கேட்டாள், "மேடம், இவ்வளவு மெதுவா ஒரு வேலையை நாள் பூரா செய்றீங்களே, உங்களுக்குக் கோபமே வராதா?" மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஞானசம்பந்தன், "மேடத்துக்குக் கோபமா, நான் பாத்ததே இல்லம்மா," என்றார். ஜெசிந்தாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எப்படி எடுப்பது என்று தெரியாமல் கிழிசலின் மேல் கண்ணாடித் துண்டை வைத்து, அதன்மேல் எடைக்கல்லை வைத்தாள். அவர்கள் போனதும் எழுந்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை சார் என்று நூலகரிடம் சொன்னாள். அவர், அடடா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா, உடனே கிளம்புங்க என்றார். அவர் குரலில் இருந்த பரிவு படிக்கட்டு வரைக்கும் கூடவே வந்தது.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, வெயில் மடியில் விழுந்தது. எப்படி ஆரம்பிப்பது. தையல்நாயகி, ஒரு விஷயம். இல்லை. தையல்நாயகி, தம்பி தெரியாம பேசிட்டான். இதில் தம்பிதான் குற்றவாளி. அம்மா ரொம்பப் படுத்திட்டாங்க, பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு, வழுக்கி விழுந்திடுவாங்களோன்னு பயந்துபோய்ப் பிடிச்சேன். இது நல்ல வாக்கியம், கேட்கிறவளுக்குக் கூடக் கண் கலங்கும். பயந்துபோய். உறையூர் வரும்வரை அந்தப் பயந்துபோயை நாக்கில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள், பிறகு அது கசந்தது. பயமா அது. அந்தத் திருகு. அதைத்தான் காலையிலிருந்து அவள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள், இப்போது வண்டி சிக்னலில் நின்ற இடத்தில் அது எதிரே வந்து நின்றது. இனித்தது. கை வந்துவிட்ட பிறகும் திருகிய அந்த ஒரு கணம் இனித்தது. இந்த உடம்பில், இத்தனை வருஷமாகத் தாளைத் தூக்க மூச்சடக்கிய உடம்பில், மாதக்கணக்காக மலம் அள்ளி, கெஞ்சி, பாட்டுப் பாடி, தூக்கம் கெட்டு, பெண்ணென்றால் ஜெசிந்தா என்று பேர் வாங்கிய உடம்பில், அந்தக் கணம் ஒரு சூடு ஏறி, பற்களைக் கடிக்க வைத்து, அப்பாடா என்று இருந்தது. அம்மாவின் எலும்பு விரலுக்குள் தெரிந்தது, எவ்வளவு சின்ன எலும்பு. இதை யாரிடம் சொல்வது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சாமியார் முன்னால் முழந்தாளிட்டால் கூட, பொறுமை இழந்தேன் சுவாமி என்றுதான் வாய் சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் தூக்கத்தில் அவள் தோளில் சாய்ந்தார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், எழுப்பவில்லை, இதற்கும் எவனாவது பார்த்து நல்ல மனுஷி என்று நினைப்பான் என்று தோன்றியதும் தோளை நகர்த்திக்கொண்டாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. தையல்நாயகியின் பை கட்டி வாசல் பக்கம் வைக்கப்பட்டிருந்தது, மேலே அவளுடைய சாப்பாட்டுத் தூக்கு. உள்ளே அம்மா கட்டிலில் சாய்ந்திருந்தாள், தையல்நாயகி ரசஞ்சாதத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அழுத முகம், ஆனால் இப்போது அழவில்லை. ஜெசிந்தாவைக் கண்டதும் அம்மா வாயிலிருந்த சாதத்தை மெல்லாமல் நிறுத்தினாள்.

"சீக்கிரம் வந்துட்டீங்க," என்றாள் தையல்நாயகி, திரும்பாமலே. "நல்லதாப் போச்சு. இந்த வாயை ஊட்டிட்டு நான் கெளம்புறேன்."

"தையல்நாயகி." பேருந்தில் செய்துவைத்த வாக்கியங்கள் ஒன்றுகூட வரவில்லை. "அம்மா கையை நான்தான் பிடிச்சேன். குழாய் இல்ல. நான்தான் இழுத்தேன்."

தையல்நாயகி கையிலிருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள். "தெரியும்," என்றாள். "நான் பிடிக்கலைன்னா வேற யாரு பிடிச்சிருப்பாங்க, இந்த வீட்டுல வேற யாரு இருக்கா? எனக்குத் தெரியாதா? உங்க வாயால சொல்வீங்களான்னுதான் காலைலேர்ந்து அந்தப் போனைப் பாத்துக்கிட்டே இருக்கேன். ஒரு போன் வரல."

"தப்புதான். நான் தம்பிகிட்ட சொல்லிடறேன். நீங்க போக வேணாம்."

"எப்பச் சொல்வீங்க? நான் போனப்புறமா? இப்ப சொல்லுங்க. எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லுங்க. அந்தாளு என்னை என்னென்ன பேசினாருன்னு பெரியம்மாவுக்குக் கூடத் தெரியும். எம் பேரைச் சொல்லி, தையல்நாயகி செய்யலன்னு சொல்லுங்க."

ஜெசிந்தா போனை எடுத்தாள். குவைத்தில் அவன் வேலையில் இருப்பான், எடுக்கமாட்டான். எடுக்காமல் இருந்தால் கொஞ்ச நேரம் கிடைக்கும் என்று அந்த நிலையிலும் ஒரு மூலையில் ஆசைப்பட்டாள். அவன் எடுத்துவிட்டான். பின்னால் ஏதோ இயந்திர இரைச்சல். ஸ்பீக்கரில் போட்டு நடுவில் பிடித்தாள்.

"செலஸ்டின், அம்மா கையில இருக்கிறது என்னோட விரல் தடம். காலைல குளிப்பாட்டுறப்ப கோபத்துல இழுத்தேன். தையல்நாயகி செய்யல. நான் உங்கிட்டயும் பொய் சொன்னேன், அவங்ககிட்டயும் பொய் சொன்னேன்."

இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் தாழ்ந்து, கனிந்து வந்தது. "சரி விடுக்கா. நீயும் மனுஷிதானே. டயர்டா இருந்திருப்ப, தனியா எவ்வளவுதான் பாப்ப. இதுக்குப் போய்... அந்தம்மா பக்கத்துல இல்லைல்ல? அவங்களுக்கு இதெல்லாம் தெரிய வேணாம். எப்படியும் நிறுத்தியாச்சு, அப்படியே இருக்கட்டும், வேற ஆள்..."

"பக்கத்துலதான் இருக்காங்க. கேட்டுக்கிட்டு இருக்காங்க."

அவன் அப்புறம் பேசறேன் என்று சொன்னதாக இருந்தது, இணைப்பு அறுந்துவிட்டது.

தையல்நாயகி தட்டைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "நான்னா கொலைகாரி, போலீஸு. உங்களுக்கு டயர்டு." சிரிக்கிற மாதிரி உதட்டைச் சுழித்தாள், ஆனால் சிரிக்கவில்லை. ஜெசிந்தா மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அதற்கும் ஒரு பதிலை அவளிடமிருந்து பிடுங்க வேண்டியிருக்கும், பரவாயில்லை மேடம் என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. கேட்காததுதான் சரியா, கேட்கத் துப்பில்லாமல்தான் இப்படி ஒரு நியாயம் தோன்றுகிறதா, அதுவும் தெரியவில்லை. அம்மாவின் கட்டு நெகிழ்ந்து தொங்கியது, காலையில் அதட்டலுக்குப் பிரித்ததைத் தையல்நாயகி திரும்ப அவசரமாகச் சுற்றியிருந்தாள். அதைச் சரிசெய்யலாம் என்று ஜெசிந்தா கட்டிலருகே போய்க் கையை நீட்டினாள். அம்மா கால்களை மடக்கி, கட்டிலின் மறுபக்கம் நகர்ந்து, தையல்நாயகியின் முந்தானையைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள் தையல்நாயகி. குரலை உயர்த்தவில்லை, அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நான் இந்த வேலையை விடப்போறதில்ல. செய்யாத குத்தத்துக்குப் போயிட்டேன்னு நாலு பேரு பேசக் கூடாது. நாளையிலேர்ந்து காலைலயே வந்திடறேன். பெரியம்மாவைக் குளிப்பாட்டுறது, துடைக்கிறது, துணி மாத்துறது எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க தொட வேணாம்."

சரி என்று ஜெசிந்தா தலையாட்டினாள். நீட்டிய கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். அம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு கண்ணால் பார்த்தாள். தையல்நாயகி கவளத்தை உருட்டி, ஆ காட்டுங்க பெரியம்மா என்றாள், அம்மா ஆ காட்டினாள். தெருக்காரர்கள் கேட்பார்கள், இப்பல்லாம் ஆள் வச்சா குளிப்பாட்டுறே என்று, என்ன சொல்வது. நாளைக் காலையில் எழுந்து குளியலறைக்குள் போகும்போது அங்கே முக்காலியும் செம்பும் காலியாக இருக்கும். அம்மாவின் துப்பல் இல்லை, கெஞ்சல் இல்லை, பாட்டு இல்லை, சேலை நனையாது. நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. அழுகைதான் வருகிறது என்று நினைத்தாள், அழத் தயாராகி உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது வரவில்லை. வந்தது நிம்மதி. இரண்டு பேரும் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று ஜெசிந்தா திரும்பி நின்றுகொண்டாள்.